நாற்பது வெள்ளிச் சுங்கான்

பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் நாற்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு சுங்கான், அதாவது புகையிலை பிடிக்கும் குழாய், வாங்கினேன். நான் புகைப்பதில்லை, பிரையர் மரத்தின் ரேகைதான் இழுத்தது. புகையிலை அடைக்கும் கிண்ணத்தில் பளபளப்பே இல்லை. வாயில் வைக்கும் கறுப்புத் தண்டு பாசி படிந்ததுபோல் பச்சையும் பழுப்புமாக வெளிறியிருந்தது. அது வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பர். வெயிலும் ஈரமும் பட்டால் அப்படித்தான் ஆகும்.

முதலில் அவசரப்பட்டு ஹார்ட்வேர் கடை வார்னிஷைப் பூசினேன். மின்னியது, உண்மைதான். பக்கத்து வீட்டு மாமா, தோட்டத்தில் கிராணியாக இருந்தவர், கையில் வாங்கிப் பார்த்து, "சூடு பட்டா கொப்புளிச்சுக்கும் தம்பி, சுரண்டு" என்றார். சுரண்டவே இரண்டு நாள் போயிற்று.

தண்டை 600, 1000, 2000 எண் நீர்த்தாளால், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால், தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். கழற்றாமல், கிண்ணத்தோடு பொருத்தியபடியே தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பு ஓரம் மழுங்கி, அங்கே ஒரு பள்ளம் விழும். தேய்த்த தண்ணீர் பழுப்பாக வடிந்தது, கந்தக நாற்றம் வேறு. தண்டு கறுப்பாக மாறியதும் நிறுத்தினேன்.

அப்புறம் கிண்ணத்துக்குக் கார்னோபா மெழுகு. இது பிரேசில் பனை ஒன்றின் இலையிலிருந்து வருவது, உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். தேன்மெழுகு 65 டிகிரிக்குள்ளேயே இளகிக் கையில் ஒட்டும். கார்னோபாவைக் கையால் பூசினால் திட்டுத்திட்டாகத்தான் நிற்கும். டிரில்லில் துணிச் சக்கரம் மாட்டி, மெதுவான வேகத்தில் லேசாகத் தொட்டேன். உரசல் சூட்டில் மெழுகு பரவ, ரேகைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

மாமா இப்போது அதைத் திருப்பித் தர மறுக்கிறார்.