ரிமோட்டைக் கையில் வாங்கிவிட்டுப் பேசுங்கள்

எங்கள் வீடு இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவில். மாதம் ஒரு தடவை, போயா என்னும் பௌர்ணமி விடுமுறைக்கு முதல் நாள் மாலை, பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஒரு படம் பார்ப்போம். முடிந்ததும் அதைப் பற்றிப் பேசுவோம். மறுநாள் விடுமுறை என்பதால் யாருக்கும் அவசரம் இருக்காது. நான் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்த என் அம்மா, ஓட்டோ ஓட்டும் தம்பி, மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, என்னோடு படிப்பிக்கும் டீச்சர் ஒருவர், பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா என்று எல்லாரும் வருவார்கள். இதில் எந்த இரண்டு பேருக்கும் ஒரே இயக்குநரைப் பிடிக்காது. உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்க ஆசை இருந்தால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் மூன்று நாலு மாதம் வெறும் சத்தம்தான். தம்பி மணிரத்னம் என்பான், டீச்சர் பாலா என்பார். "மணி படம் ஒரே இருட்டு", "பாலா படம் ஒரே அழுகை" என்று இரண்டு பேரும் மாறி மாறி. கேட்டுப் பார்த்தால், அந்தப் படங்களை அவர்கள் பார்த்தே பத்து வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் பேச்சு தடித்து, டீச்சர் ரொட்டியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார். அப்புறம் இரண்டு மாதம் வரவில்லை. நானே போய்க் கூட்டி வந்தேன். அன்றைக்கு வைத்ததுதான் எங்கள் முதல் விதி: ஒரு இயக்குநரைப் பற்றி எதைச் சொல்வதானாலும், ரிமோட்டைக் கையில் வாங்கி அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டிவிட்டுச் சொல்ல வேண்டும்.

இதற்கு வேண்டியது ஒரு 80 பக்கக் கொப்பியும் பேனையும். படம் ஓடும்போது கொப்பி கைமாறிக்கொண்டே இருக்கும். மனதில் பட்ட இடத்தில் நேரத்தையும் ஒரு சொல்லையும் எழுதினால் போதும். விளக்கம் எழுத ஆரம்பித்தால் படம் கைவிட்டுப் போய்விடும். எழுத வராத பெரியவர்கள் பக்கத்தில் இருப்பவரின் கையைத் தட்டினால் அவர் குறித்துக்கொள்வார்.

இந்தக் கொப்பியின் அருமையை 'வீடு' போட்ட இரவில்தான் பார்த்தேன். பாலு மகேந்திரா எடுத்து 1988இல் வந்த படம். சென்னையில் ஒரு பெண் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டப் படும் பாடுதான் கதை. பாட்டே கிடையாது. முடிந்ததும் தம்பி, "அக்கா, ஒண்ணுமே நடக்கலயே" என்றான். அம்மா ஒன்றும் பேசாமல் ரிமோட்டுக்குக் கை நீட்டினார். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டிய வீட்டைப் பார்க்க வரும் இடம் அது. பூசாத சுவரைத் தொட்டுத் தொட்டு உள்ளே நடப்பார். அம்மா பிறந்தது, எங்களைப் பெற்று வளர்த்தது எல்லாம் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில். இப்போது இருக்கும் வீட்டுக்குச் சுவர் எழும்பிய நாட்களில், வேலையால் வந்ததும் வராததுமாக, கொழுந்துக் கறை படிந்த விரல்களால் அந்தக் கல்லை அவர் தடவிப் பார்த்தது எனக்கு ஞாபகம் வந்தது. காட்சியை இரண்டு தரம் ஓடவிட்டு, "அந்த மனுசன் கையைப் பாரு" என்று மட்டும் சொன்னார். தம்பிக்கு இன்றைக்கும் அது மெதுவான படம்தான். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்று அப்புறம் அவன் சொன்னதில்லை. அவ்வளவு போதும். யாருடைய ரசனையையும் மாற்றப் போகாதீர்கள்.

பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். "நம்ம நாட்டு ஆள்" என்று மாமா அதற்காகவே நெஞ்சை நிமிர்த்துவார். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அதை ஒரு வாதமாக எடுத்துக்கொள்வதில்லை என்று கூட்டத்தில் முடிவு செய்தோம்.

பாராட்டையும் திட்டையும் சரியான ஆளுக்குக் கொடுக்கவும் பழக வேண்டும். தம்பி கொண்டாடும் 'நாயகன்' (1987) படத்தின் இருட்டும் வெளிச்சமும் பி.சி. ஸ்ரீராமின் கமெரா. அதில் வரும் மும்பைத் தாராவியைச் சென்னையில் செட்டாகப் போட்டவர் தோட்டா தரணி. இதைச் சொன்னபோது தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. மணிரத்னத்தைக் குறைக்க அல்ல, இவர்களையெல்லாம் ஒரே படத்துக்குள் கட்டி இழுத்தது அவர் வேலை என்று காட்டத்தான் சொன்னேன். இதைப் பழக 'முள்ளும் மலரும்' (1978) போல ஒரு படம் இல்லை. இயக்கம் மகேந்திரன், ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. எந்தக் காட்சி யாருக்குச் சொந்தம் என்று எங்கள் வீட்டில் இரவு பதினொரு மணி வரை போனது. அந்தப் படத்தில் விஞ்ச் என்னும் இழுவை வண்டி ஓட்டும் காளியையும் எஞ்சினியரையும் பற்றி மாமா பேசினால், மின்நிலையத்தில் தன்னோடு வேலை பார்த்தவர்களைப் பற்றிச் சொல்வது போலவே இருக்கும். அதனால் டைட்டில் ஓடும்போது தள்ளிவிடாதீர்கள். பெயர்களை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும்.

படம் தேர்ந்தெடுக்கும்போது, ஒரே விஷயத்தை இரண்டு இயக்குநர்கள் எப்படித் தொட்டார்கள் என்று இரண்டு மாதம் தொடர்ந்து பார்க்கலாம். நாங்கள் பாலாவின் 'பரதேசி'யையும் (2013) சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்' படத்தையும் (2023) அப்படிப் போட்டோம். முதலாவது வெள்ளைக்காரன் காலத்துத் தமிழ்நாட்டுத் தேயிலைத் தோட்டம். மற்றது 2022 பொருளாதார நெருக்கடியின்போது நம் மலைநாட்டுக்குச் சுற்றுலா வரும் ஒரு மலையாளத் தம்பதி. 'பரதேசி' முடிந்ததும் அம்மா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "தோட்டத்துக்கு வந்த பிறகு இவங்க ஒரு நாளாவது சிரிச்சாங்களா? அட்டை கடிக்கக் கடிக்க நாங்க மலையில பாட்டுப் பாடி, கேலி பேசித்தானே கொழுந்து எடுத்தோம்." டீச்சர் பதிலுக்குக் கடைசிக் காட்சியைப் போட்டார். எந்த நரகத்திலிருந்து தப்ப முடியாமல் கிடக்கிறானோ, அதற்குள்ளேயே மனைவியும் பிள்ளையும் வந்து நிற்பதைப் பார்த்து கதாநாயகன் கதறும் இடம். "சிரிப்பைக் காட்டியிருந்தா இந்த அலறல் இப்படிக் கேட்டிருக்காது" என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நான் அம்மா பக்கம்தான். ஆனால் டீச்சர் பாலாவை இவ்வளவு நன்றாகப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

'பாரடைஸ்' அன்று சிங்கள அக்காதான் முக்கியமான ஆள். பொலிஸ்காரர் பேசும் இடத்தை நிறுத்தி, சப்டைட்டிலில் வராத அந்தக் குரலின் தொனியை எங்களுக்கு விளக்கினார். வேற்று மொழிக்காரர் ஒருவராவது கூட்டத்தில் இருப்பது எவ்வளவு நல்லது என்று அன்றைக்கு விளங்கியது. சப்டைட்டில் வாசிக்க முடியாத பெரியவர்களுக்குப் பக்கத்தில் நல்ல குரல் உள்ள பிள்ளையை உட்காரவைத்து, தாழ்ந்த குரலில் வாசிக்கச் சொல்லுங்கள். யாரும் "உஷ்" சொல்லக் கூடாது.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன ஏற்பாடு. ஐந்து மணிக்கே தொடங்கிவிடுங்கள், தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கடைசி பஸ் இருக்கும்போதே முதல் சுற்றுப் பேச்சு முடிய வேண்டும். லெப்டொப்பை முழுதாக சார்ஜ் பண்ணி வையுங்கள், மழைக் காலத்தில் கரண்டை நம்ப முடியாது. இரவுக் குளிருக்குக் கம்பளி வேண்டும். படம் முடிந்ததும் பத்து நிமிடம் பிளேன்டீயும் ரொட்டியும் கட்டச் சம்பலும், அந்தப் பத்து நிமிடமும் படத்தைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது. அப்புறம் முதலில் வாய் திறக்க வேண்டியவர் கூட்டத்திலேயே குறைவாகப் பேசுகிறவர். எங்கள் வீட்டில் அது அம்மா. அவரை முதலில் பேசவிடாத நாட்களில் அவர் கடைசிவரை பேசியதே இல்லை.

அடுத்த படத்தை யார் சொல்வது? அன்றிரவு யாருடைய இயக்குநர் அதிகம் அடிபட்டாரோ அவர்தான். போன தடவை தம்பி மணிரத்னத்துக்காக ஒற்றை ஆளாக நின்றான். ஆகவே வரப்போகும் போயாவுக்கு முதல் நாள் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. கொப்பியில் புதுப் பக்கம் புரட்டி வைத்திருக்கிறேன். டீச்சர் தானே சம்பல் இடித்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.