ஹெட்போன்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டியவை

ஒரே ஃபோன், ஒரே பாட்டு, ஒரே வால்யூம். இப்படிக் கேட்டால் ஒப்பீடு நியாயமாக இருக்கும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். முதல் தவறே அந்த ‘ஒரே வால்யூம்’தான்.

சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனின் இம்பிடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது தரும் எதிர்ப்பு, 300 ஓம். ஆடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ் 38 ஓம்தான். ஃபோனில் வால்யூமைத் தொடாமல் மாற்றி மாற்றி மாட்டினால், எம்50எக்ஸ் சத்தமாகப் பாடும், எச்டி 600 அடங்கி ஒலிக்கும். சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு முதலில் மங்குவது பேஸ் என்கிற கனத்த கீழ் ஒலி. ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. ஆகவே ‘இதில் பேஸே இல்லை’ என்ற தீர்ப்பில் வால்யூமுக்கும் பங்கு உண்டு. ஒரு டெசிபல் கூடினால் அது சத்தமாகவே தோன்றாது. ‘இது கிளியரா இருக்கு’ என்றுதான் தோன்றும். அதுதான் ஆபத்து.

வால்யூமைச் சமமாக்க, கெட்டி அட்டையில் சின்ன ஓட்டை போடுங்கள். இன்னொரு ஃபோனின் மைக்கை அதில் பொருத்தி, மறுபக்கம் இயர்பேடை இடைவெளி இல்லாமல் அழுத்திப் பிடித்து, பிங்க் நாய்ஸ் (‘உஸ்’ என்று ஒரே சீராக இரையும் சோதனை ஒலி) ஓட விடுங்கள். டெசிபல் காட்டும் ஆப்பில் எல்லா ஹெட்போனுக்கும் ஒரே எண் வரும்படி வால்யூமைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வகத் துல்லியம் வராது. ஆனால் கண்மூடித்தனமாக ஒப்பிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம் இடம். சேலத்தில் அம்மாபேட்டை, குகை பக்கம் வீடு என்றால் தறிச்சத்தம் இருக்கும், தலைக்கு மேல் ஃபேன் வேறு. மூடிய ஹெட்போன் இதைக் கொஞ்சம் தடுக்கும், பின்பக்கம் திறந்த ‘ஓப்பன் பேக்’ ஹெட்போன் அப்படியே உள்ளே விடும். இரண்டையும் பகலில் ஒப்பிட்டால் ஓப்பன் பேக்குக்கு அநியாயம். தறி நின்ற இரவு நேரமே சரி.

அமைதிக்காக ஏற்காடு போகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கியதுமே கேட்க உட்காராதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்த காது அடைத்திருக்கும். எச்சில் விழுங்கி, அடைப்பு முழுக்க விட்ட பிறகு கேளுங்கள்.

கண்ணாடி போடுகிறவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மூடிய ஹெட்போனில் மிருதங்கம் கேளுங்கள். கண்ணாடியைக் கழற்றியதும் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் ‘கும்’ கனத்து வரும், வலப்பக்கமான வலந்தலையின் நாதம் பெரிதாக மாறாது. கண்ணாடிக் காம்பு பேடைத் தூக்கி விடும் இடைவெளியில் பேஸ் கசிந்துவிடுகிறது. கண்ணாடியோடோ கண்ணாடி இல்லாமலோ, எல்லாவற்றையும் ஒரே மாதிரி கேளுங்கள்.

முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு மாற்றுவதும் வீண். ஒலியின் நுணுக்கம் மனதில் சில நொடிகளே நிற்கும். பத்துப் பதினைந்து நொடித் துண்டு போதும்.

சேலத்து வெயிலில் வியர்வை பட்டுப் பேட் உரியும், அமுங்கும். புதுப் பேட் மாட்டினால் ஒலியே மாறும். மாற்றியதும் பழைய குறிப்புகளை ஒதுக்கிவிட்டு, வால்யூமை மறுபடி அளந்து புதிதாகக் கேளுங்கள்.