பிபி மீட்டரும் ஒரு லேசரும்: அழுத்த மாற்றத்தைப் பட்டை எண்ணி அளப்பது எப்படி

குழாய்க்குள் அடைத்த காற்றின் வழியே லேசரை அனுப்பி, சுவரில் சிவப்பும் கறுப்புமாக விழும் குறுக்கீட்டுப் பட்டைகளில் எத்தனை நகர்ந்தன என்று எண்ணினால் போதும், உள்ளே அழுத்தம் எவ்வளவு மாறியது என்று சொல்லிவிடலாம். ஒரு லேசர் கதிரை இரண்டாகப் பிரித்து, இரண்டு கண்ணாடிகளில் பட்டுத் திரும்பவைத்து, மறுபடி ஒன்றுசேர்த்துப் பட்டைகளை உண்டாக்குவதுதான் மைக்கேல்சன் அமைப்பு. அதன் படம் ஒளியியல் புத்தகங்களில் இருக்கிறது, அதனால் நேராகச் செய்முறைக்கு வருகிறேன்.

முதலில் குழாய். முக்கால் அங்குல பிவிசி பைப்பில் சரியாக 10 செ.மீ. வெட்டி, இரண்டு முனைகளையும் உப்புத்தாளில் தேய்த்து, மைக்ராஸ்கோப் கண்ணாடித் தகடுகளை அரால்டைட் போட்டு ஒட்டுங்கள். ஒரு ராத்திரி முழுக்கக் காயட்டும். பக்கவாட்டில் இரண்டு ஓட்டை போட்டு, முள் வைத்த பிபி மீட்டரின் கைப்பட்டையைக் கழற்றிவிட்டு அதன் இரண்டு ரப்பர் குழாய்களையும் அங்கே செருகி ஒட்டுங்கள். காற்றடிக்க பல்பு, மெல்ல இறக்க திருகு, அளவு காட்ட முள் எல்லாம் அதிலேயே இருப்பதால் இந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. மீட்டரில் 200 மி.மீ.க்கு (பாதரச அளவு) மேல் ஏற்ற வேண்டாம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டே அடியுங்கள்.

ஒளியைத் திருப்பி அனுப்பும் இரண்டு கண்ணாடிகளுக்கு, பழைய ஹார்ட் டிஸ்க்கின் உள்தட்டு அருமை. முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டாம், பூச்சு பின்பக்கம் இருப்பதால் புள்ளி இரண்டிரண்டாக விழும். கதிரை இரண்டாகப் பிரிக்கும் பீம் ஸ்பிளிட்டர் கியூப் ஒன்றை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே கடப்பாக் கல்லின் மேல் பொருத்தி, கல்லுக்கு அடியில் சைக்கிள் டியூப் வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஒளி போய்த் திரும்பும் இரண்டு கைகளும் ஏறக்குறைய ஒரே நீளம் இருக்கட்டும், அதில் ஒன்றின் நடுவே குழாய். சுவரில் விழும் இரண்டு புள்ளிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கொண்டுவந்து, லேசருக்கு முன்னால் சின்ன லென்ஸ் வைத்தால் பட்டைகள் வந்துவிடும். லேசரைச் சுவரில் மட்டுமே பாருங்கள், கண்ணுக்கு நேராக வேண்டவே வேண்டாம்.

கணக்கு இதுதான். ஒளி குழாயை இரண்டு முறை கடப்பதால் பாதை 20 செ.மீ. 30 டிகிரி வெப்பத்தில் சாதாரணக் காற்றின் ஒளிவிலகல் எண் (ஒளியின் வேகத்தைக் காற்று எவ்வளவு குறைக்கிறது என்பதன் அளவு) 1-ஐவிட சுமார் 0.00026 அதிகம். அந்த அதிகத்தை 20 செ.மீ.யால் பெருக்கி, சிவப்பு லேசரின் அலைநீளமான 650 நானோமீட்டரால் வகுத்தால், ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சுமார் 80 பட்டைகள். அதாவது ஒரு பட்டை நகர்ந்தால் கிட்டத்தட்ட 1,250 பாஸ்கல், மீட்டர் கணக்கில் 9.4 மி.மீ. பத்தில் ஒரு பட்டையைக் கண்ணாலேயே மதிப்பிடலாம் என்பதால் 1 மி.மீ. வரை பிடிபடும்.

இனி, என்னை இரண்டு வாரம் அலைக்கழித்த இடம். பல்பை வேகமாக அடித்து 200-க்கு ஏற்றித் திருகை மூடினேன், முள் மெல்ல இறங்கியது. கசிவு என்று நினைத்து மூன்று தடவை பிரித்து ஒட்டினேன், சோப்பு நுரை தடவினேன், ஒரு குமிழிகூட வரவில்லை. அப்புறம்தான் சுவரைக் கவனித்தேன்: முள் இறங்கிக்கொண்டிருக்க, பட்டைகள் அநேகமாக அசையாமல் நின்றன. அமுக்கும்போது காற்று சூடாகிறது, சூடு ஆற ஆற அழுத்தம் குறைகிறது, ஆனால் உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் எங்கும் போகவில்லை. ஒளி எண்ணுவது அழுத்தத்தை அல்ல, அடர்த்தியை! இது புரிந்ததும் எல்லாம் நேரானது. உண்மையான கசிவு என்றால் முள்ளும் நகரும், பட்டையும் நகரும். முள் மட்டும் நகர்ந்தால் ஒரு நிமிடம் பொறுங்கள்.

அதனால் ஏற்றும்போது எண்ணாதீர்கள். 200-க்கு ஏற்றி, முள் நின்றபின், திருகை மயிரிழை அளவு திறந்து, சுவரில் ஒரு பென்சில் கோடு போட்டு, அதைக் கடக்கும் கறுப்புப் பட்டைகளை இறங்கும்போது எண்ணுங்கள். பூச்சியம் வரும்போது 21 வர வேண்டும். 18, 19 என்று வந்தால் திருகை வேகமாகத் திறந்து ஒன்றிரண்டைத் தவறவிட்டிருக்கிறீர்கள். மொபைலில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டி எண்ணுவது எனக்குப் பிடித்த வழி.

அமெரிக்காவின் தேசிய அளவியல் ஆய்வகமான நிஸ்ட்டில், மூன்று மீட்டர் உயரப் பாதரச அழுத்தமானிக்கு மாற்றாக உருவாக்கிய லேசர் கருவியும் வாயுவின் ஒளிவிலகல் எண்ணைத்தான் அளக்கிறது. வீட்டு மேசையில் அதே தத்துவம் வேலை செய்வதைப் பார்ப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

பிற்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த ஒருவருக்குப் பச்சை லேசரில் பட்டைகள் மங்கி மங்கித் திரும்பி வந்தன. விலை குறைந்த பச்சை பாயின்டர்கள் பலவற்றில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அலைநீளங்கள் வரும். சிவப்புக்கு மாறுங்கள், அதையும் பத்து நிமிடம் எரியவிட்டபின் எண்ணத் தொடங்குங்கள்.