சோக்கை விட்டால் அணைந்த பைக்

என் பழைய 100 சிசி பைக், சோக்கை (காற்றைக் குறைத்து பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் விசை) இழுத்தால் ஓடும், விட்டால் அணைந்துவிடும். ஈரடுக்குப் பாலத்தின் நடுவிலேயே இரண்டு முறை நின்றது. பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் எல்லாம் மாற்றியும் பயனில்லை. நான்கு நாள் வீண்.

காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரைப் பிரித்து, ஸ்லோ ஜெட்டை (இன்ஜின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வரும் நுண்துளைக் குழாய்) வெளிச்சத்தில் பிடித்தேன். துளை தெரியவில்லை. ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். பாளையங்கோட்டையில் அத்தானின் மூக்குக்கண்ணாடிக் கடையில் அல்ட்ராசோனிக் கிளீனர் (திரவத்தில் ஒலி அதிர்வு செலுத்தி அழுக்கை நீக்கும் தொட்டி) இருந்தது. வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து 20 நிமிடம் போட்டேன். ஜெட் வெளியே பளபளத்தது; துளை அப்படியே அடைத்திருந்தது.

பிறகுதான் கவனித்தேன்: உள்ளே ஒரு காற்றுக் குமிழ் சிக்கியிருந்தது. திரவம் தொடாத இடத்தில் அந்த அதிர்வு எதையும் சுரண்டாது. தண்ணீரை மட்டும் 10 நிமிடம் ஓட்டி அதில் கரைந்த காற்றை வெளியேற்றினேன். ஜெட்டுக்குள் சிரிஞ்சால் திரவத்தை ஏற்றி, தொட்டியின் அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டேன். எட்டாவது நிமிடம் பழுப்பு நிறத்தில் ஒரு இழை புகைபோல் இறங்கியது. (பெட்ரோலை அந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது, தீப்பிடிக்கும்.)

மாட்டி உதைத்தேன். சோக் இல்லாமலே அணையாமல் ஓடியது. அத்தான் தொட்டியைக் கழுவித் தரச் சொன்னார்.