வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்கு அடுத்த கோச் யார்? வாதாடுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிட்னியின் லெய்காட் ஓவல் மைதானப் புல்மேட்டில் எனக்குப் பின்னால் இரண்டு பெடியள் இருந்தார்கள். எங்கள் ஹோம்புஷ் பக்கத்துப் பிள்ளைகள்தான். ஒருவனைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்திலிருந்தே தெரியும். டைகர்ஸ் தோற்றுக்கொண்டிருந்தது. இடைவேளைக்கு முன்பே கோச்சை மாற்ற வேண்டும் என்று இருவரும் முடிவெடுத்துவிட்டார்கள். மிச்ச நாற்பது நிமிடமும் யாரைக் கொண்டுவரலாம் என்ற பேச்சுத்தான். அவர்கள் சொன்ன ஒவ்வொரு காரணத்தையும் அதே மேட்டில் இருந்து, அதே கோபத்தோடு நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

றக்பி லீக் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. இலங்கையில் நாங்கள் பார்த்து வளர்ந்தது பதினைந்து பேர் ஆடும் யூனியன். இது பதின்மூன்று பேர் ஆடுவது, ஆறு தடவை பிடிபட்டால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். பால்மெய்ன், வெஸ்டர்ன் சபர்ப்ஸ் என்ற இரண்டு பழைய கழகங்கள் இணைந்து 2000இல் களமிறங்கியதுதான் வெஸ்ட்ஸ் டைகர்ஸ். 2005இல் கிண்ணம் வென்றது. நான் ரசிகனானது அந்த வருடம்தான். அதற்குப் பிறகு, சீசன் முடிவில் முன்னணி அணிகள் மட்டும் ஆடும் ஃபைனல்ஸ் சுற்றுக்குப் போனது 2010, 2011 என்று இரண்டே தடவை. 2022, 2023, 2024 மூன்று வருடமும் அட்டவணையில் கடைசி இடம்.

ஆளைத் தனிப்பட்ட முறையில் தாக்குவது, குடும்பத்தை இழுப்பது போன்றவை தவறு என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே நான் சொல்வது, விபரம் தெரிந்த, கழகத்தை உண்மையாக நேசிக்கிற ரசிகர்களே விழுகிற குழிகளை.

ஒரு மட்ச்சை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

2023 மே மாதம் இதே லெய்காட்டில் நோர்த் குயின்ஸ்லாந்து கவ்போய்ஸை டைகர்ஸ் 66–18 என்று வென்றது. நான் நேரில் பார்த்தேன். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத கிழவர் என்னைக் கட்டிப்பிடித்தார். அன்றிரவு முழுக்க, கோச் டிம் ஷீன்ஸ் அணியைத் திருப்பிவிட்டார் என்று ஆட்களுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆறு கிழமை கழித்து டவுன்ஸ்வில்லில் அதே கவ்போய்ஸிடம் 74–0 என்று தோற்றது. அதே கோச், அதே இரண்டு கழகங்கள். முதல் மட்ச்சை வைத்து ஷீன்ஸை மேதை என்றவர்களும் இரண்டாவதை வைத்து அவருக்கு ஒன்றும் தெரியாது என்றவர்களும் ஒரே ஆட்கள். ஒரு சீசனில் ஒரு அணிக்கு 24 மட்ச். யாருக்குக் காயம், எத்தனை நாள் ஓய்வு, எவ்வளவு தூரப் பயணம் என்று ஆயிரம் இருக்கும். கோச்சைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் குறைந்தது பத்து மட்ச்சைச் சேர்த்துப் பாருங்கள். அதிலும் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பதை விட எத்தனை புள்ளி விட்டார்கள் என்று பாருங்கள். தாக்குதல், அதை வழிநடத்தும் ஒரு நல்ல ஹாஃப்பேக்கால் வரலாம். தடுப்பு, செவ்வாயும் வியாழனும் செய்த பயிற்சியில்தான் வரும்.

அணியை யார் கட்டியது என்று பார்க்காமல் கோச்சை மாற்றக் கேட்பது

என்னால் இன்னும் ஆறமுடியாத தவறு இது. கழகத்துக்கு இதனால் போனதைக் கணக்குப் பார்த்தால் வயிறு எரிகிறது.

2017 மார்ச்சில் ஜேசன் டெய்லரைக் கழகம் நீக்கியது. சீசனில் மூன்றே மூன்று சுற்று முடிந்திருந்தது. ஒன்றில் வெற்றி, இரண்டில் படுதோல்வி. நான் அன்றைக்குச் சந்தோசப்பட்டேன். அப்போது நான் கவனிக்காத ஒன்று இருந்தது. ஜேம்ஸ் டெடெஸ்கோ, ஆரன் வூட்ஸ், மிட்செல் மோசஸ், லூக் புரூக்ஸ் என்று அணியின் முதுகெலும்பான நான்கு பேருக்கும் அந்த வருட முடிவிலேயே ஒப்பந்தம் முடிகிறது. நான்கு பேரும் "இருப்பதா, போவதா" என்று யோசிக்கும் அதே நேரத்தில் கோச்சே மாறுகிறார். அடுத்த கோச் யார், எப்படி ஆடச் சொல்வார், தங்களுக்கு அதில் இடம் உண்டா என்று அவர்களுக்கு யார் சொல்வது? மோசஸ் அந்த சீசன் நடுவிலேயே பரமட்டாவுக்குப் போனார். டெடெஸ்கோ ரூஸ்டர்ஸுக்கும் வூட்ஸ் புல்டோக்ஸுக்கும் போக முடிவெடுத்தார்கள். மிஞ்சியது புரூக்ஸ் மட்டும். டெடெஸ்கோ 2018, 2019 இரண்டு வருடமும் ரூஸ்டர்ஸோடு கிண்ணம் தூக்கினார். மோசஸ் 2022இல் பரமட்டாவைக் கிராண்ட் ஃபைனல் வரை நடத்திப் போனார். நின்ற புரூக்ஸ் 2013 முதல் 2023 வரை எங்கள் கழகத்துக்கு ஆடி, ஒரு ஃபைனல்ஸ் மட்ச்சும் காணாமல் வெளியேறினார். எல்லாவற்றுக்கும் அந்த நீக்கம்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் அதைச் செய்ததன் விலையைப் பற்றி எங்களில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதன் பின்னால் உள்ள பொறிமுறையை விளங்கிக்கொண்டால் வாதமே மாறிவிடும். டைகர்ஸ் ஆடும் றக்பி லீக் போட்டியான என்ஆர்எல்லில் ஒவ்வொரு கழகத்துக்கும் முதல் 30 வீரர்களுக்கென்று ஒரு சம்பள உச்சவரம்பு உண்டு. இப்போது அது சுமார் 12 மில்லியன் டொலர். பணக்காரக் கழகம், ஏழைக் கழகம் எல்லாருக்கும் ஒரே எல்லை. வீரர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு, மூன்று, நான்கு வருடம். ஒப்பந்தத்தின் கடைசி வருடத்துக்குப் போகிற வீரன், அதற்கு முந்தைய நவம்பர் 1இலிருந்து மற்றக் கழகங்களோடு வெளிப்படையாகப் பேசலாம். வேண்டாத ஒருவரை இடையில் அனுப்பினால் பல நேரம் அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கைப் பழைய கழகமே கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் காசு உச்சவரம்புக்குள்ளேயே கழியும். அவர் வேறு சீருடையில் எங்களுக்கு எதிராக ஓடுவார், கணக்கில் எங்கள் இடத்தை அடைத்துக்கொண்டும் இருப்பார்.

ஆகவே இன்றைக்கு வருகிற கோச்சின் கையில் இருப்பது முன்னவர் வாங்கிய முப்பது பேர். அதைத் தன் அணியாக மாற்ற அவருக்கு இரண்டு மூன்று வருடம் வேண்டும். இரண்டாவது வருட முடிவில் அவரை நீக்கினால், அவர் அரைவாசி கட்டிய அணியை அடுத்தவர் இடிக்கத் தொடங்குவார். கோச்சின் சம்பளமோ நட்ட ஈடோ வீரர்களின் உச்சவரம்பில் சேராது. முப்பது பேரை மாற்ற வழியில்லை, ஒருவரை மாற்றலாம். நிர்வாகங்கள் அடிக்கடி அந்தக் கதவைத் தட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். நாங்கள் மேட்டில் இருந்து கத்துவது அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது.

டெய்லருக்குப் பிறகு ஐவன் கிளியரி வந்தார். 2018இல் ஒன்பதாவது இடம் வரை அணியைக் கொண்டுவந்தார். அந்த வருடக் கடைசியில், ஒப்பந்தம் இருக்கும்போதே பென்ரித்துக்குப் போனார். இது நாங்கள் நீக்கியதால் வந்ததல்ல, அவராகப் போனது. ஆனால் விளைவு ஒன்றுதான்: இன்னொரு அரைகுறைக் கட்டடம். 2019இல் மைக்கேல் மகுவையர் வந்தார். 2014இல் சவுத் சிட்னிக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர். முதல் வருடம் ஒன்பதாவது, அடுத்து பதினோராவது, அதற்கடுத்து பதின்மூன்றாவது. இறங்கிக்கொண்டே போகிறாரே என்று எனக்கு ஆத்திரம். 2022 தொடக்கத்தில் கழகத்துக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். தெரிந்தவர் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்தும் வாங்கினேன். அந்தக் கடிதத்தில் வீரர் தெரிவு பற்றி, இளையோர் அணிகள் பற்றி, ஒப்பந்தங்களை யார் முடிவு செய்கிறார்கள் என்பது பற்றி ஒரு வசனம்கூட இல்லை. இரண்டு பக்கமும் மகுவையர், மகுவையர், மகுவையர். அந்த ஜூனில் அவரை நீக்கினார்கள். என் கடிதத்தால் நடந்ததில்லை என்று தெரியும். ஆனாலும் வென்றதுபோல வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

அந்த வருடம் நான்கு வெற்றி, கடைசி இடம். அடுத்த வருடம் ஷீன்ஸ், நான்கு வெற்றி, கடைசி இடம். அதற்கடுத்த வருடம் பெஞ்சி மார்ஷல், கடைசி இடம். கோச் மாறிக்கொண்டே இருந்தார், இடம் மாறவில்லை. 2023 முடிவில் ஒரு வெளிவாரி மீளாய்வு நடந்து, கழகத்தின் தலைவரும் தலைமை நிர்வாகியும் வெளியேறினார்கள். நாங்கள் பத்து வருடமாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அந்தத் திசையில்தான் இருந்தது.

மகுவையர் 2024இல், குயின்ஸ்லாந்து மாநிலத்தோடு மோதும் ஸ்டேட் ஒஃப் ஒரிஜின் தொடரை நியூ சவுத் வேல்ஸுக்கு வென்று கொடுத்தார். 2025இல் பிரிஸ்பேன் பிரோங்கோஸின் கோச். இடைவேளையில் பின்தங்கியிருந்த கிராண்ட் ஃபைனலில் மெல்போர்னை 26–22 என்று வென்று, 2006க்குப் பிறகு அவர்களுக்கு முதல் கிண்ணம். அந்த மட்ச் ஒலிம்பிக் பார்க்கில். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரம்தான். தொலைக்காட்சியில் அவர் வீரர்களைக் கட்டிப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்: "அப்பா, இவருக்கு எதிராத்தானே நீங்கள் கையெழுத்து வாங்கினீங்கள்?" எனக்குப் பதில் வரவில்லை.

கிளியரி? பென்ரித்தில் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு கிண்ணம். டெய்லரை நீக்கியதும் இடைக்காலமாக எங்களிடம் நின்ற ஆண்ட்ரூ வெப்ஸ்டர், 2023இல் நியூசிலாந்து வாரியர்ஸின் தலைமைக் கோச்சான முதல் வருடமே அந்த ஆண்டின் சிறந்த கோச் விருதை வாங்கினார். எங்கள் பயிற்சி மைதானத்தைக் கடந்துபோன மூன்று பேர். ஆள் தெரிவில் கண் இல்லாத கழகமா எங்களது? இல்லை. ஆள் வந்த பிறகு அவரைச் சுற்றி என்ன இருந்தது என்பதில்தான் பிழை. பென்ரித்தில் கிளியரிக்குக் கீழே உள்ளூர்ப் பிள்ளைகளைச் சிறு வயதிலிருந்தே வளர்த்தெடுக்கும் பெரிய அமைப்பு இருந்தது. அவருடைய மகன் நேதனே அந்த அமைப்பில் வளர்ந்து வந்தவர்தான். அதே மனிதர் எங்கள் பயிற்சி மைதானம் இருக்கும் கொன்கோர்டில் ஐந்து வருடம் நின்றிருந்தாலும் நான்கு கிண்ணம் வந்திருக்கும் என்று என்னால் சொல்லமுடியாது.

பெரிய ஆட்டக்காரன் பெரிய கோச் ஆவான் என்று நினைப்பது

2005 கிராண்ட் ஃபைனலில் பெஞ்சி பின்பக்கமாகத் தட்டிக்கொடுத்த பந்தை பாட் ரிச்சர்ட்ஸ் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துப் புள்ளி எடுத்த காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அந்த பெஞ்சி தலைமைக் கோச்சாக வருகிறார் என்றதும் அழுதேவிட்டேன். ஆனால் அதற்கு முன் அவர் எந்தக் கழகத்துக்கும் தலைமைக் கோச்சாக இருந்ததில்லை. ஷீன்ஸுக்குக் கீழ் இரண்டு வருடம் பழகிவிட்டு 2025இல் பொறுப்பெடுப்பதாக இருந்த திட்டத்தை, ஒரு வருடம் முன்னால் இழுத்தார்கள். அவர் மீது எங்களுக்கு இருக்கும் பாசம் அவருக்குப் பழக நேரம் கொடுக்காது. 2003 முதல் மெல்போர்னை நடத்தும் கிரெய்க் பெலமி, ஆடிய காலத்தில் கன்பராவின் சாதாரண முதல்தர வீரர். லீக்கின் புகழ்பெற்ற மூத்த கோச் வெய்ன் பெனட்டின் கீழ் பிரிஸ்பேனில் துணைக் கோச்சாக நின்று தொழில் படித்துவிட்டு வந்தவர்.

வெய்ன் பெனட் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்

நியூகாசில் ரசிகர்களைக் கேளுங்கள். 2012 முதல் 2014 வரை இருந்தார், கிண்ணம் வரவில்லை.

இடைக்காலக் கோச் ஒரு மட்ச் வென்றதும் வேலையை அவருக்கே கொடுக்கச் சொல்வது

2022இல் பிரெட் கிமோர்லி இடைக்காலமாக நின்றபோது பிரிஸ்பேனை அவர்கள் ஊரிலேயே வென்றோம். உடனே "இவரே போதும்" என்று தொடங்கிவிட்டோம். ஒரு மாதத்துக்குள் ரூஸ்டர்ஸிடம் 72–6. பழையவர் போன நிம்மதியில் வீரர்கள் ஓடுவது சில கிழமைக்குத்தான் தாங்கும்.

காற்றில் வரும் பெயர்கள்

அடுத்த கோச் இவர்தான் என்று வதந்தி கிளம்பினால், அந்தப் பெயர் வெளியே வந்ததால் யாருக்கு இலாபம் என்று பாருங்கள்.

பொறுமையை மட்டும் மந்திரமாகச் சொல்வது

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பக்கத்து பரமட்டா 2018இல் கடைசி இடம். பிராட் ஆர்தரை அனுப்பச் சொல்லிப் பெரிய சத்தம். கழகம் அவரை வைத்திருந்தது. அடுத்த வருடமே ஃபைனல்ஸில் பிரிஸ்பேனை 58–0 என்று வென்றார்கள். 2022இல் கிராண்ட் ஃபைனல். இதைக் காட்டி "யாரையும் எப்போதும் நீக்கக்கூடாது" என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். ஆனால் அதே ஆர்தரை 2024 மே மாதம் அதே கழகம் அனுப்பியது. பத்து வருடம் கொடுத்து, அவர் கட்டிய அணி எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்த பிறகு அனுப்பியது. சரியோ பிழையோ, அது அவருடைய அணி. அவரை அதை வைத்து எடைபோட முடிந்தது. எங்கள் கழகத்தில் டெய்லருக்கும் மகுவையருக்கும், இரண்டாவது தடவை வந்த ஷீன்ஸுக்கும் அப்படி எடைபோட ஒரு முழு அணியே இருந்ததில்லை.

அன்றைக்கு மட்ச் முடிந்து லைட் ரெயிலுக்கு நடந்தபோது அந்தப் பெடியளும் கூடவே வந்தார்கள். "அப்ப சொல்லுங்கோ அங்கிள், யாரைப் போடலாம்?" என்றான் ஒருவன்.

"தம்பி, அதுக்கு முதல் ஒண்டு சொல்லு. வாற நவம்பரில் ஆருக்கெல்லாம் பேச்சு திறக்குது?"

அவனுக்குத் தெரியவில்லை. கைபேசியை எடுத்து அணியின் பட்டியலைத் தேடினான். வண்டிக்குள் இருவரும் தலையை ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராக, எந்த வருடம் வந்தார், எந்த வருடம் முடிகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஏழாவது பெயரில் சின்னவன் நின்றான். "இவரை எடுத்தது எந்தக் கோச் அங்கிள்?" என்று கேட்டான்.