ஜிராவிலிருந்து வேலை நேரம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோரிக்கைகளை டிக்கெட்டுகளாகக் கையாளும் மென்பொருளான ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட்டில் ஏஜென்ட் (கோரிக்கையைக் கவனிக்கும் ஊழியர்) ஒரு டிக்கெட்டில் நேரம் பதியும் ஒவ்வொரு முறையும் தனி ஒர்க்லாக் (வேலை நேரப் பதிவு) உருவாகிறது. மாதக் கடைசியில் அவற்றை ஏபிஐ (மென்பொருளிலிருந்து ஸ்கிரிப்ட் தரவு கேட்டு வாங்கும் வழி) வழியாக எடுத்து பில்லுக்கோ டைம்ஷீட்டுக்கோ கூட்டும்போது கணக்கு தவறினால் எந்த எரரும் வராது. எக்செல் ஷீட் ஒழுங்காகவே இருக்கும், சில மணி நேர வேலை மட்டும் அதில் இருக்காது. கீழே உள்ளவை கிளவுட் பதிப்புக்கானவை.

அடிக்கடி நடப்பதும் அதிகம் சேதம் செய்வதும் ஒன்றுதான்: டிக்கெட் தேடலிலேயே ஒர்க்லாக் ஃபீல்டையும் கேட்டு வாங்கி, வந்ததைக் கூட்டிவிடுவது. தேடலில் ஒரு டிக்கெட்டுக்கு 20 பதிவுகள் வரைதான் கிடைக்கும். பாஸ்வேர்ட் ரீசெட் போன்ற டிக்கெட்டுகளில் ஒன்றிரண்டு பதிவுகளே இருப்பதால் சோதனையில் எல்லாம் சரியாகத் தெரியும். மாதம் முழுக்கத் திறந்து கிடக்கும் பராமரிப்பு டிக்கெட்டில்தான் அடி விழும், பெரிய பில்லும் பெரும்பாலும் அதில்தான். அந்த ஃபீல்டுக்குள்ளேயே ‘டோட்டல்’ என்று ஓர் எண் வருகிறது. அது 20ஐத் தாண்டினால் அந்த டிக்கெட்டின் ஒர்க்லாக் முகவரியைத் தனியாக அழைக்க வேண்டும். அங்கே ஒரு பக்கத்துக்கு 5,000 வரை கிடைக்கும்.

அனுமதியும் இதே மாதிரி ஓசையில்லாமல் வேலையைக் காட்டும். ஒரு பதிவைக் குறிப்பிட்ட குழுவுக்கோ ரோலுக்கோ மட்டும் தெரியும்படி வைக்கலாம். உங்கள் ஏபிஐ கணக்கு அதில் இல்லையென்றால் அந்தப் பதிவு பட்டியலிலேயே இருக்காது, மறைக்கப்பட்டது என்ற குறிப்பும் இருக்காது. இரண்டு ஓட்டைகளையும் பிடிக்க ஒரே சோதனை போதும். தேதி வடிகட்டுவதற்கு முன்பு, எடுத்த பதிவுகளின் வினாடிகளைக் கூட்டி டிக்கெட்டின் ‘டைம்ஸ்பென்ட்’ மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துவராத டிக்கெட்டுகளை மட்டும் தனியாகப் பார்த்தால் போதும். ஒப்பிடும்போது ‘அக்ரிகேட்’ என்று தொடங்கும் மொத்தத்தை எடுக்காதீர்கள். அதில் சப்டாஸ்க் (டிக்கெட்டின் கீழ் வரும் துணை வேலை) நேரமும் கலந்திருக்கும், சப்டாஸ்க்கையும் சேர்த்துக் கூட்டினால் ஒரே வேலை இரண்டு முறை பில்லாகும்.

அடுத்தது தேதி. ஒவ்வொரு பதிவிலும் மூன்று தேதிகள் உண்டு: ‘ஸ்டார்ட்டட்’ என்பது வேலை நடந்த நேரம், ‘கிரியேட்டட்’ பதிவு போட்ட நேரம், ‘அப்டேட்டட்’ கடைசியாகத் திருத்திய நேரம். வெள்ளிக்கிழமை செய்த வேலையைத் திங்கட்கிழமை பதிவது எல்லா டெஸ்க்கிலும் உள்ள வழக்கம்தானே? பில்லுக்கு வேண்டியது ‘ஸ்டார்ட்டட்’. ஜிராவின் தேடல் மொழியான ஜேக்யூஎல்லில் ‘ஒர்க்லாக்டேட்’ போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். அது தருவது டிக்கெட்டுகளை. அந்த மாதத்தில் ஒரு பதிவு இருந்தாலே டிக்கெட் வந்துவிடும், அதில் உள்ள பழைய மாதப் பதிவுகளும் கூடவே வரும். பதிவு பதிவாக மறுபடியும் நீங்கள்தான் வடிகட்ட வேண்டும்.

தேதி வாசகத்தின் முதல் 10 எழுத்துகளை வெட்டி நாளாக எடுப்பது இன்னொரு பொறி. வாசகத்தின் கடைசியில் +0530 போன்ற நேர வித்தியாசம் இருக்கும், முதலில் அதைப் பார்த்து பில்லுக்குரிய நேர மண்டலத்துக்கு மாற்றுங்கள். இந்திய நைட் ஷிஃப்டில் 1ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குத் தொடங்கிய வேலை, உலகப் பொது நேரமான யூடிசியில் முந்தைய நாள் இரவு 8.30. அதாவது போன மாதம்.

தினமும் மாற்றங்களை மட்டும் எடுப்பவர்கள் ‘அப்டேட்டட்’ பட்டியலை அழைப்பார்கள். அதற்குக் கொடுக்கும் தொடக்க நேரம் மில்லிசெகண்டில் இருக்க வேண்டும். செகண்டில் கொடுத்தால் 1970 ஜனவரி என்று எடுத்துக்கொண்டு முழு வரலாற்றையும் கொட்டும். அந்தப் பட்டியலில் ஐடிகள்தான் வரும், விவரத்தை ஒரு தடவைக்கு 1,000 ஐடி வீதம் கேட்டு வாங்க வேண்டும். அழைப்புக்கு முந்தைய ஒரு நிமிட மாற்றங்கள் அதில் சேராது என்பதால், அடுத்த ஓட்டத்தைப் போன ஓட்டம் முடிந்த நொடியிலிருந்து தொடங்காமல் சில நிமிடம் பின்னால் போய்த் தொடங்கி, ஐடி வைத்து இரட்டிப்பை நீக்குங்கள். நீக்கப்பட்ட பதிவுகளுக்கு வேறு பட்டியல் இருக்கிறது. அதை அழைக்க மறந்தால் ஏஜென்ட் தவறாகப் போட்டு அழித்த 6 மணி நேரம் உங்கள் டேட்டாபேஸில் உயிரோடு இருக்கும், வாடிக்கையாளர் அதற்கும் பணம் கட்டுவார்.

நேரத்தை எப்போதும் வினாடி ஃபீல்டிலிருந்தே எடுங்கள். திரையில் தெரியும் ‘1டி 2ஹெச்’ (ஒரு நாள், 2 மணி நேரம்) வாசகத்தில் ஒரு நாள் என்பது அட்மின் வைத்த அளவு, இயல்பாக 8 மணி நேரம். அந்தக் கணக்கில் ‘1டி 2ஹெச்’ 36,000 வினாடி, அதாவது 10 மணி. ஸ்கிரிப்ட் 24 என்று பெருக்கினால் 26 மணி ஆகிவிடும். 3,600ஆல் வகுப்பதையும் மொத்தம் கூட்டிய பிறகே செய்யுங்கள். 20 நிமிடப் பதிவுகள் மூன்றைத் தனித்தனியே 0.33 என்று எழுதினால் ஒரு மணி நேரம் 0.99 ஆகும்.

எஸ்எல்ஏ (இத்தனை நேரத்தில் தீர்ப்போம் என்ற சேவை ஒப்பந்தம்) அறிக்கையின் தீர்வு நேரத்தை உழைப்பு நேரம் என்று எடுத்துப் போடுபவர்களும் உண்டு. அது டிக்கெட் காத்திருந்த கடிகாரம். 9 மணிக்கு வந்து 3 மணிக்கு மூடிய டிக்கெட்டில் யாரோ 15 நிமிடம் மட்டுமே வேலை செய்திருக்கலாம்.