கலாத்தியாவின் இலை கருகினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

வீட்டுக்குள் இலையழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் கலாத்தியா செடியின் இலை ஓரம் பழுப்பாகத் தொடங்கியதும் நம் கை தானாகத் தண்ணீரைத் தேடிப் போகிறது. காய்ந்த மாதிரி இருக்கிறது, அப்படியென்றால் தாகம் என்று நினைத்துவிடுகிறோம். ஓரம் கருகக் காற்றின் வறட்சி காரணமாக இருக்கலாம், தண்ணீரில் உள்ள உப்பு காரணமாக இருக்கலாம், வேர் அழுகியதும் காரணமாக இருக்கலாம். இந்த மூன்றுக்கும் கூடுதல் தண்ணீர் மருந்தே அல்ல. மூன்றாவதற்கு அது விஷம்.

முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மேல் மண் ஓரங்குலம் காய்ந்து, அதற்குக் கீழே லேசான ஈரம் இருந்தால் அப்போது தண்ணீர் ஊற்றலாம். கீழ்த் துளை வழியே வழியும் வரை நன்றாக ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். "வாரம் இரண்டு முறை" என்று கிழமை பார்த்து ஊற்றுவது சரிப்படாது. செடியின் தாகம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். இலை குழல்போல் சுருண்டு, மண்ணும் காய்ந்திருந்தால் அது தாகம். மண் சொதசொதவென்று இருக்கும்போதே அடியிலைகள் மஞ்சளானால் வேரில்தான் கோளாறு.

அந்தச் சந்தேகம் வந்தால் தொட்டியைச் சாய்த்துச் செடியை வெளியே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. நல்ல வேர் வெளிர் நிறத்தில், விரலுக்குக் கெட்டியாக இருக்கும். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வர, உள்ளே நூல் மாதிரி ஒன்று மிஞ்சும். வாடையே காட்டிக் கொடுத்துவிடும். அப்படிப்பட்ட வேர்களை வெட்டிவிட்டுப் புது மண்ணில் வையுங்கள். வேர்களில் சின்னச் சின்ன உருளைக்கிழங்கு போல நீர் கோத்த முடிச்சுகள் தென்பட்டால் பயப்பட வேண்டாம். அது நோயல்ல, செடி தண்ணீர் சேமித்து வைத்திருக்கும் இடம். நான் முதன்முதலில் பார்த்தபோது ஏதோ கட்டி என்று நினைத்து அத்தனையையும் கிள்ளிப் போட்டுவிட்டேன். அந்தச் செடி தேற மாதக்கணக்கானது.

அடுத்தது, என்ன தண்ணீர் ஊற்றுகிறோம் என்பது. குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பும் ஃபுளோரைடும் இலை வழியாக ஆவியாகிப் போவதில்லை. தண்ணீர் மட்டும் ஆவியாக, இவை இலை நுனியிலும் ஓரத்திலும் தங்கிச் சேர்கின்றன. அதனால்தான் முதலில் அங்கே கருகுகிறது. ஒரு ராத்திரி வாளியில் பிடித்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். குளோரின் ஓரளவு போகும், உப்பும் ஃபுளோரைடும் அப்படியேதான் இருக்கும். கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர். உரமும் உப்புதான் என்பதை மறக்காதீர்கள். புட்டியில் போட்டிருக்கும் அளவில் பாதி போதும், அதுவும் செடி வளரும் காலத்தில் மட்டும். தென்னை நார்த்தூளைக் கலவையில் சேர்ப்பதாக இருந்தால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுச் சேருங்கள், அதிலும் உப்பு இருக்கும்.

காற்றில் ஈரம் வேண்டும் என்று நாள் முழுக்க இலைமேல் தண்ணீர் தெளிப்பவர்கள் உண்டு. அக்கறையோடுதான் செய்கிறார்கள், ஆனால் அந்த ஈரம் சில நிமிடங்களில் போய்விடும். இலைமேலேயே நின்றால் பூஞ்சைப் புள்ளிதான் வரும். கலாத்தியாக்கள் தென், மத்திய அமெரிக்கக் காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் தரையோடு வளர்பவை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி நிலையாக இருந்தால் நன்றாக இருக்கும். செடிகளை நெருக்கமாகக் கூட்டி வைப்பது ஓரளவு உதவும். வறண்ட அறை என்றால் ஈரப்பதமூட்டிதான் உருப்படியான வழி. ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் எதைச் செய்தாலும் பலனில்லை. வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காட்டு நிழல் என்றதும் இருட்டு மூலையில் கொண்டுபோய் வைப்பதும் தவறுதான். அங்கே புது இலை சிறிதாக, சாயம் மங்கி வரும். நேர் வெயிலில் வைத்தால் இருக்கிற நிறமும் வெளுத்துவிடும். ஜன்னலுக்குப் பக்கத்தில், வெயில் மேலே விழாத வெளிச்சம் போதும். சாயங்காலம் இலைகள் எழுந்து நிற்பதைக் கண்டு செடிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இடம் மாற்றாதீர்கள். இலையின் அடியில் உள்ள சிறு கணு அன்றாடம் செய்யும் வேலை அது, காலையில் விரிந்துவிடும். சொல்லப்போனால் அது செடி நலமாக இருப்பதன் அடையாளம்.

கருகிய ஓரம் மறுபடி பச்சையாகாது. அது ஆறவில்லையே என்று வாராவாரம் இடம், மண், தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாமல் போகும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த குருத்துக்காகக் காத்திருங்கள். வாழைக்குருத்து போலச் சுருட்டிக்கொண்டு வரும் அந்த இலை, ஓரம் கெடாமல் விரிந்தால் வழி சரி.

இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறையாவது திருப்பிப் பாருங்கள். மெல்லிய வலையும் மாவு தூவிய மாதிரிப் புள்ளிகளும் இருந்தால் அவை சிலந்திப்பேன்கள், வறண்ட காற்றில் வேகமாகப் பெருகும். ஈரத் துணியால் இரு பக்கமும் துடைத்து எடுத்துவிட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை அதையே திரும்பச் செய்ய வேண்டும். இலை பளபளக்க எண்ணெயோ பாலிஷோ பூச வேண்டாம், வெறும் தண்ணீரே போதும்.

ஒற்றை இலையை நறுக்கித் தண்ணீரில் போட்டு வேர் விடக் காத்திருப்பதும் வீண். மண்ணுக்குள் இருக்கும் தண்டுக்கிழங்கை வேரோடு பிரித்துத்தான் புதுச்செடி எடுக்க முடியும். அந்தக் கிழங்கு கெட்டியாக இருக்கும் வரை, இலை ஒன்றுகூட மிஞ்சாவிட்டாலும் தொட்டியைக் குப்பையில் போடாதீர்கள். மண்ணை லேசான ஈரத்தில் வைத்து, வெளிச்சத்தில் விட்டுவையுங்கள். சில வாரங்கள் கழித்து மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு குருத்து வரக்கூடும்.